தத்துக் குழந்தையோடு முதல் பொங்கல்: வீடு நிறையக் கூட்டமா, ஏற்காட்டில் நாலு பேரா?

கொண்டலாம்பட்டிக்காரி
டிசம்பர் 5, இரவு 10.40

வணக்கம். பல வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது கொண்டலாம்பட்டி, இருப்பது மிச்சிகன். நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டோம், கையில் ஓசிஐ, அதாவது வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை. பையனுக்குப் பதினொரு வயது. தத்துக்குப் பதிவு செய்து இரண்டரை வருடம் ஆயிற்று. தமிழ்நாட்டிலேயே ஒரு இல்லத்தில் இருக்கிற ஆறு வயதுப் பெண் குழந்தை எங்களுக்கு அமைந்திருக்கிறாள். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். போன வாரம் மத்திய அரசின் தத்து ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று வந்தது. கலெக்டரிடம் தத்து ஆணைக்கு மனு இந்த வாரம் போகிறது. ஆணை வரும்வரை அவளை எங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்று இல்லத்தில் சொன்னார்கள்.

டிசம்பர் 18 சென்னை வந்து இறங்குகிறோம். பையனுக்குப் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி ஜனவரி 18 வரை லீவு. அதாவது கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றும் ஊரில்.

இப்போது பிரச்சினை என் அம்மா. பொங்கலுக்கு அறுபது பேரைக் கூப்பிடுவதாகப் பட்டியல் போட்டாயிற்று. குலதெய்வம் கோயிலில் மொட்டை, காது குத்து, கிடா வெட்டு, பேர் வைப்பது, எல்லாம் ஒரே நாளில். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு வேறு சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் உதைக்கிறது. ஏற்காட்டில் ஒரு வீடு எடுத்து நாலு பேரும் அமைதியாக இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால் அம்மா மனசு நொந்துபோகும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காபி
டிசம்பர் 6, காலை 6.15

வாழ்த்துகள் அக்கா. தத்து பற்றி எனக்குத் தெரியாது, ஏற்காடு தெரியும்.

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஏரிப் பக்கம் வராதீங்க. அண்ணா பூங்கா வாசலில் நிற்க இடம் இருக்காது, வாடகையும் ரெண்டு மடங்கு கேட்பார்கள். ஜனவரி 3க்கு மேல் மலை காலியாகிவிடும். நாகலூர் பக்கம் வீடு பாருங்க. அப்போது காபிப் பழம் பறிப்பு நடக்கும், செடியெல்லாம் சிவப்பாக இருக்கும், குழந்தைக்கு வேடிக்கை. காலையில் பனி மூடிக்கொள்ளும், ஸ்வெட்டர் கட்டாயம்.

இன்னொன்று. இல்லத்தில் வளர்ந்த குழந்தை காரில் எவ்வளவு போயிருக்கும்? அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. எங்க வீட்டுப் பிள்ளைகளே பத்தாவது வளைவில் வாந்தி எடுக்கும். சாப்பிட்டவுடன் ஏற்றாதீங்க. மடியில் ஒரு பையும் எலுமிச்சம்பழமும் வைச்சுக்கோங்க. மழை பெய்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்க. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து, எல்லாரும் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் போனோம்.

பழைய கோப்பு
டிசம்பர் 6, காலை 9.02

குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் கோப்பு தூக்கியே ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தடையில்லாச் சான்று வந்த பிறகு, ஆணை நிலுவையில் இருக்கும்போது, தத்துவள மையத்திடம், அதாவது குழந்தை இருக்கும் இல்லத்திடம், உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவுக்குள் மட்டும். ஏற்காடு போகலாம், சேலத்தில் தங்கலாம். எங்கே தங்குகிறீர்கள் என்ற விலாசத்தை மையத்தில் கொடுத்துவிடுங்கள், மாறினால் சொல்லிவிடுங்கள். சட்டப்படி இன்னும் அவள் உங்கள் மகள் இல்லை, பராமரிப்பில் இருக்கும் குழந்தை. ஆணை கையில் வரும்வரை இது நினைவில் இருக்கட்டும்.

அதனால்தான் மொட்டை, காது குத்து இரண்டும் எனக்கு உறுத்துகிறது. காது குத்துவது உடம்பில் கை வைக்கிற விஷயம். ஆணை வரட்டும், அப்புறம் அவளையே கேட்டுச் செய்யுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு வாய் இருக்கிறது.

புகைப்படம்: அறுபது பேர் வந்தால் அறுபது செல்போன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். சித்தப்பா பையன் பாசத்தில் ஸ்டேட்டஸ் போடுவான், தலைவலி உங்களுக்கு.

அடுத்தது டிக்கெட். ஜனவரி 18 என்று நாலு பேருக்கும் போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். தத்து ஆணை முன்பு கோர்ட்டில் நடந்தது, 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரிடம் வந்துவிட்டது. மனு போட்டதிலிருந்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆணைக்குப் பிறகு, நாடு விட்டு நாடு தத்துப் போவதற்கான ஹேக் ஒப்பந்தப்படி காராவின் இணக்கச் சான்று, உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அப்புறம் டெல்லி தூதரகத்தில் விசா. ஒரு மாத விடுமுறையில் இதெல்லாம் நடக்காது. உங்களில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

கொண்டலாம்பட்டிக்காரி
டிசம்பர் 6, மாலை 7.30

நன்றி அய்யா. நான் இருந்துவிடுகிறேன், அவரும் பையனும் கிளம்புவார்கள் என்று பேசி வைத்திருக்கிறோம். மூன்று பேருக்குத்தான் டிக்கெட் போட்டோம், என்னுடையது மட்டும் தேதி மாற்றக்கூடியது. மொட்டை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

அஸ்தம்பட்டி தாத்தா
டிசம்பர் 7, காலை 5.50

அம்மாடி, எனக்கு எழுபத்து மூணு வயசு. ஒரு பெரியவன் சொல்வதாகக் கேட்டுக்கொள்.

சட்டம் சரி. ஆனால் ஒரு குழந்தை குடும்பத்துக்குள் வருகிறது என்றால் பத்து பேர் பார்க்க வரவேண்டும். பிறந்த குழந்தைக்குச் செய்கிறோம், வந்த குழந்தைக்கு ஏன் கூடாது? நாலு பேராக மலை மேல் போய் உட்கார்ந்துகொண்டால், 'மறைத்து வைக்கிறார்கள், ஏதோ குறை' என்றுதான் ஊர் பேசும். உன் அம்மா அறுபது பேர் என்றால், அதன் அர்த்தம் 'இவள் என் பேத்தி, எவனும் நாளைக்கு வாய் திறக்கக்கூடாது' என்பதுதான். அது உனக்குப் புரியவில்லை. கிடா வெட்டு இந்த நாட்டில் சும்மா சாப்பாட்டுக்காக இல்லை.

ஜவ்வரிசி ஜானு
டிசம்பர் 7, காலை 8.11

தாத்தா சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதியில், அறுபது பேரும் குழந்தையின் நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள்.

(இந்த இடத்தில் இருந்த பதிவு நீக்கப்பட்டது)

நிர்வாகி
டிசம்பர் 7, மதியம் 1.20

'இவ்வளவு அலைச்சல் எதற்கு, தெரிந்த நர்ஸ் இருக்கிறார், கைக்குழந்தையே கிடைக்கும்' என்று எழுதியவரின் கணக்கு முடக்கப்பட்டது. 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்து எத்தனை பேர் கைதானார்கள் என்பது நம் பக்கத்து ஊர்க் கதை. விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மறுபடி இப்படி எழுதினால் போலீஸுக்குத்தான் போகும்.

தொட்டில்94
டிசம்பர் 7, இரவு 11.58

நான் பொதுவாக இந்த மாதிரி இழைகளில் எழுதுவதில்லை.

1992இல் இதே சேலம் மாவட்டத்தில், வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். அதில் விழுந்தவள் நான், என் பெயரில் இருப்பது வருடம். கைக்குழந்தையாகத் தத்துப் போனேன், அதனால் இல்லம் எனக்கு நினைவில்லை. என் வீட்டில் அப்புறம் தத்தெடுத்த தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவன் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

தாத்தா சொல்கிற அதே விருந்து. பந்தலெல்லாம் போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவனைத் தூக்கினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், கையில் ரூபாய் நோட்டு வைத்தார்கள். சாயங்காலம் அவன் தன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். ஏன்டா என்றால், விழா முடிந்துவிட்டதே, வேன் எப்போது வரும் என்று கேட்டான். இல்லத்துக்கு வருகிற விருந்தாளிகளும் அப்படித்தான். பிறந்தநாள் கொண்டாட வருவார்கள், கேக் வெட்டுவார்கள், தூக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். கூட்டம் என்றால் அது ஒரு நாள் கூத்து என்றுதான் அவனுக்குப் பழக்கம்.

தாத்தா, ஊர் வாயை அடைக்க வேண்டியது நிஜம். அதற்கு அடுத்த பொங்கல் இருக்கிறது, அதற்கடுத்த பொங்கலும் இருக்கிறது.

அஸ்தம்பட்டி தாத்தா
டிசம்பர் 8, காலை 5.45

அந்த வேன் கதையைப் படித்ததிலிருந்து ஒன்றும் ஓடவில்லை தாயி. ஆனாலும் குலதெய்வத்தைத் தள்ளிப்போடாதே என்பதுதான் என் கட்சி. கிடா வேண்டாம், ஒரு தேங்காயாவது உடைக்கட்டும்.

மஸ்கட் மணி
டிசம்பர் 8, காலை 11.30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் மஸ்கட், இந்திய பாஸ்போர்ட்தான். எங்களுக்கும் இதே நடைமுறையா?

பழைய கோப்பு
டிசம்பர் 8, மதியம் 12.10

வேறு. ஓமன் ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே அங்கீகரிக்கப்பட்ட முகமை இல்லாததால் உங்கள் பதிவும் உங்கள் வீட்டை ஆய்வு செய்த அறிக்கையும் இந்தியத் தூதரகம் வழியாகப் போகும். நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் என்பதால் குழந்தை காட்டும் வரிசையில் உள்நாட்டுப் பெற்றோரோடு சமமாக வருவீர்கள். ஓசிஐக்காரர்களுக்கு அப்படி இல்லை. சட்டப்படி தத்துக்கு உரியதாக அறிவித்து 60 நாளில் இந்தியர், என்ஆர்ஐ யாரும் எடுக்காத குழந்தைகள்தான் வெளிநாட்டுத் தத்துக்கு வரும், அதில் ஓசிஐக்காரர்களுக்கு முன்னுரிமை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்தப் பக்கம் அதிகம் வருவது இதனால்தான். கைக்குழந்தைதான் வேண்டும் என்று இங்கே வரிசையில் நிற்பவர்களைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, இன்னொரு நாள் எழுதுகிறேன். உங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கொண்டலாம்பட்டிக்காரி
டிசம்பர் 29, இரவு 11.15

மன்னிக்கவும், பத்து நாளாக இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. அவள் தூங்குகிறாள். இப்போதுதான் உட்கார்கிறேன்.

23ஆம் தேதி அழைத்து வந்தோம். வீடியோ காலில் அத்தனை பேச்சு பேசினவள் நேரில் முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் அனுப்பியிருந்த போட்டோ ஆல்பத்தை மட்டும் மார்போடு வைத்திருந்தாள். ஆல்பத்தில் இருந்த நாய் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். நாய் மிச்சிகனில் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதைச் சொன்னபோது நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மலைக்காபி, நீங்கள் சொன்னது சத்தியம். ஆனால் மலைக்குப் போகவே தேவைப்படவில்லை, இல்லத்திலிருந்து சேலம் வருவதற்குள் மூன்று முறை வாந்தி.

கிறிஸ்துமஸ் அன்று எங்கேயும் போகவில்லை. பையன் அவளுக்காக வாங்கி வந்த பரிசுகளில் ஒன்றே ஒன்றைக் கொடுத்தோம். அதையும் ராத்திரி அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இல்லத்தில் பொம்மைகளை ராத்திரி அலமாரியில் வைத்துவிட வேண்டுமாம். மறுநாள் தலையணையைத் தூக்கினால் நாலு முறுக்கு, ஒரு பாதித் தட்டுவடை, எறும்பு வரிசை. நான் எதுவும் சொல்லவில்லை. அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு டப்பா வைத்து, இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். டப்பாவும் காலியாகிறது, தலையணைக்கு அடியிலும் சேர்கிறது.

முக்கியமான விஷயம் வேறு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் என் அம்மாவை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். சேலத்தில் பல வீடுகளில் அப்படித்தானே. இவளும் வந்த மூன்றாம் நாளே தானாக 'ஆயா' என்றாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குப் போன் போட்டு, மாடியில் இருக்கிற எனக்கு, 'கூப்பிட்டுட்டா, கூப்பிட்டுட்டா' என்கிறார். அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அவள் கேட்கிறாள்: "ஆயா, இன்னிக்கு உங்களுக்கு நைட் டூட்டியா? காலையில யாரு வருவாங்க?"

இல்லத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அதே பெயர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆயா.

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார், தண்ணீர் குடித்தார், திரும்பி வந்து பக்கத்தில் படுத்தார். "எனக்கு டூட்டி மாறாது சாமி, காலையிலயும் நான்தான்" என்றார். மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அந்த அறுபது பேர் பட்டியல் அடுப்புப் பக்கத்தில் மளிகைச் சீட்டாக மாறியிருந்தது, பின்பக்கத்தில் உளுந்து, வெல்லம் என்று எழுதியிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜவ்வரிசி ஜானு
டிசம்பர் 30, காலை 7.05

ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

தொட்டில்94
டிசம்பர் 30, காலை 9.40

முறுக்கை எடுத்துவிடாமல் விட்டீர்களே, அது போதும். என் தம்பி எட்டாம் வகுப்பு வரை பென்சில் பாக்ஸில் பிஸ்கட் வைத்திருந்தான். இப்போது ஓட்டல் நடத்துகிறான் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நிஜம்.

ஒரு கேள்வி. பெயரை மாற்றுகிறீர்களா?

கொண்டலாம்பட்டிக்காரி
டிசம்பர் 30, இரவு 10.20

அம்மாவுக்கு நட்சத்திரம் பார்த்து வைக்க ஆசை. பிறந்த நேரம் தெரியாத குழந்தைக்கு நட்சத்திரம் எங்கே போய்த் தேடுவது? அவளையே கேட்டோம். 'என் பேரு நல்லாத்தானே இருக்கு' என்றாள். முடிந்தது. இல்லத்தில் வைத்த பெயர்தான், ஆனால் அவளோடு வந்த ஒரே சொத்து அதுதானே.

அஸ்தம்பட்டி தாத்தா
டிசம்பர் 31, காலை 6.00

வீட்டில் கூப்பிட ஒரு பேர் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரெண்டு பேர்.

கொண்டலாம்பட்டிக்காரி
ஜனவரி 19, இரவு 9.50

பொங்கல் முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 5 முதல் மூன்று நாள் நாகலூர் பக்கம் இருந்தோம். போகும் வழியில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் இறங்கி, வயிறு அடங்கும்வரை மானைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் வாந்தி ஒரே முறை, பதினாலாவது வளைவில். பையனும் எடுத்தான், அது அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். மலையில் பிரமாதமாக எதுவும் செய்யவில்லை. காபிப் பழத்தைப் பிதுக்கினால் உள்ளே ரெண்டு கொட்டை இருக்கிறது என்பதை வைத்தே ஒரு நாள் ஓட்டிவிட்டார்கள். எல்லாப் பழத்திலும் ரெண்டுதானா என்று பார்க்க ஒரு படி பழத்தைப் பாழாக்கினார்கள். தோட்டக்காரருக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

பொங்கல் அன்று வீட்டில் மொத்தம் எட்டு பேர். மாட்டுப் பொங்கல் அன்று சொந்தக்காரர்கள் ரெண்டு ரெண்டு பேராக வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். போட்டோ கிடையாது என்று அம்மாவே வாசலில் நின்று சொன்னார். ஒரு மாமாவுக்கு அதில் கோபம், இன்றுவரை பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். தாத்தா, குலதெய்வத்துக்குப் போய் உங்கள் பங்குக்கும் ஒரு தேங்காய் உடைத்தோம்.

கொலுசு போட்டோம். பகலெல்லாம் ஜல்ஜல் என்று நடந்தாள். ராத்திரி கழற்றச் சொல்லி ஒரே பிடிவாதம். உறுத்துகிறதா என்றால் இல்லை. சத்தம் கேட்டால் மற்ற பிள்ளைகள் முழித்துக்கொள்வார்களாம். இந்த அறையில் வேறு யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கழற்றித்தான் படுக்கிறாள். தினமும் கழற்றுகிறோம், காலையில் மாட்டுகிறோம்.

நேற்று அவரும் பையனும் கிளம்பினார்கள். இதைத்தான் நான் விடுமுறை முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். வாசலில் கார் நிற்கிறது. பையன் தன் அரைகுறைத் தமிழில் "நான் போறேன்" என்றான். இவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லு" என்றாள். சொன்னான். திரும்பச் சொல் என்றாள். ஐந்தாறு முறை சொன்ன பிறகுதான் விட்டாள். கார் போனதும் அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் போய்த் தன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கு எடுத்து வந்து கொடுத்தாள்.

தொட்டில்94
ஜனவரி 20, நள்ளிரவு 12.05

அந்த முறுக்கைச் சாப்பிட்டீர்களா இல்லையா?

கொண்டலாம்பட்டிக்காரி
ஜனவரி 20, காலை 6.30

சாப்பிட்டேன். நமத்துப் போயிருந்தது.

பழைய கோப்பு
ஜனவரி 20, காலை 9.15

மனு என்ன ஆயிற்று?

கொண்டலாம்பட்டிக்காரி
பிப்ரவரி 6, மாலை 5.45

ஆணை வந்துவிட்டது! விசாரணை மூடிய அறையில்தான். கலெக்டர் அவளிடம் ரெண்டு நிமிடம் தனியாகப் பேசினார். என்ன கேட்டார் என்று கேட்டால், 'அது எங்களுக்குள்ள' என்கிறாள். இணக்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று அடுத்த ஓட்டம் தொடங்குகிறது. நாங்கள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் என்பதால், ஹேக் விசாவில் அங்கே போய் இறங்கியதுமே அந்த நாட்டின் 2000ஆம் ஆண்டுக் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி அவளுக்கும் குடியுரிமை என்று முகமையில் சொன்னார்கள். அதற்கப்புறம் ரெண்டு வருடம் கண்காணிப்பு அறிக்கை, முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று.

பழைய கோப்பு
பிப்ரவரி 6, மாலை 6.00

வாழ்த்துகள். ஆணையின் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அஸ்தம்பட்டி தாத்தா
பிப்ரவரி 7, காலை 5.40

இனிமேலாவது கிடா வெட்டலாமா?

கொண்டலாம்பட்டிக்காரி
பிப்ரவரி 7, காலை 8.20

அடுத்த பொங்கலுக்கு, தாத்தா. அறுபது பேர். நீங்களும் வரவேண்டும்.

இப்போது வேறு ஒரு உதவி. நாங்கள் போய் இறங்கும்போது அங்கே இன்னும் பனிதான் இருக்கும். இவள் செருப்பே போட மாட்டேன் என்கிறவள். ஆறு வயதுக் காலுக்குப் பனி பூட்ஸ் சேலத்தில் எங்கேயாவது கிடைக்குமா?

மலைக்காபி
பிப்ரவரி 7, காலை 8.50

ஏற்காட்டுக்கே ஸ்வெட்டரோடு சரி அக்கா. பனி பூட்ஸுக்கு நம்ம ஊரில் என்ன வேலை? அங்கேயே வாங்கி ஏர்போர்ட்டுக்கு எடுத்து வரச் சொல்லுங்க. கால் அளவு மட்டும் அனுப்புங்க.

கொண்டலாம்பட்டிக்காரி
பிப்ரவரி 7, இரவு 9.30

அனுப்பிவிட்டேன். நோட்டில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். இடது கால் மட்டும்தான் வரைந்தேன், ரெண்டும் ஒரே அளவுதானே என்று. அப்படியானால் வலது காலுக்கு பூட்ஸ் வராது என்று ஒரே அழுகை. இப்போது வலது காலையும் வரைந்துகொண்டிருக்கிறோம்.